அறுபதுகளைத் தேடிய எட்டாம் வகுப்பு: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சமூக அறிவியல் பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவினருக்கும், வளரறி மதிப்பீட்டுக்கான (ஆண்டு முழுவதும் வகுப்பிலேயே நடக்கும் மதிப்பீடு) செயல்பாடுகளை எழுதித் தரும் கல்வியாளர்களுக்கும் வணக்கம்.

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே, வெண்ணாற்றுப் பாசனத்தில் அமைந்த ஒரு சிற்றூரில் நான் சமூக அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். கடந்த காலத்தின் ஒரு பத்தாண்டை எடுத்துக்கொண்டு அக்காலத்து மக்கள் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதும் செயல்திட்டத்தை எங்கள் எட்டாம் வகுப்பில் இரண்டு ஆண்டுகள், இரண்டு விதமாகச் செய்து பார்த்தோம். முதல் ஆண்டில் நான் செய்த தவற்றையும், இரண்டாம் ஆண்டில் மாணவர்கள் எனக்குக் கற்றுத் தந்ததையும் உங்கள் பார்வைக்கு வைத்து, அதன் பேரில் சில வேண்டுகோள்களை விடுக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் ஆண்டில் "1960-களில் வாழ்க்கை" என்று கரும்பலகையில் எழுதி, ஒரு வாரத்தில் சார்ட் தயாரித்து வரும்படி சொன்னேன். வந்த சார்ட்டுகள் அழகாகவே இருந்தன. பளபளக்கும் தாள் ஒட்டிய ஓரங்கள், தெர்மாகோலில் வெட்டிய எழுத்துகள், பிரவுசிங் சென்டரில் எடுத்த வண்ணப் படங்கள் என்று வகுப்பறைச் சுவரே திருவிழாக் கோலம் பூண்டது. அருகில் சென்று படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றில் நீளமான அமெரிக்கக் கார் ஒன்றின் பக்கத்தில் தொப்பி அணிந்த பெண் நின்றிருந்தாள். இன்னொன்றில் ஆளுயரக் குளிர்சாதனப் பெட்டி இருந்தது. மூன்றில் நிலவில் மனிதன் கால் வைத்த படம் ஒட்டப்பட்டிருந்தது. பத்தாண்டின் பெயரை இணையத்தில் தட்டினால் வருவது அதுதான், ஆகவே பிள்ளைகளைக் குறை சொல்ல நியாயமில்லை. அந்தக் காரை ஒட்டி வந்த மாணவியின் அப்பாயி, அதே பத்தாண்டில் எங்கள் பள்ளிக்குப் பின்னாலுள்ள வயலில் நாற்று முடிச்சு சுமந்தவர். அவர் பள்ளி வாசலில் பேத்திக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் அனைவருக்கும் முழு மதிப்பெண் இட்டேன். அந்தத் தவறு இன்றுவரை என்னை உறுத்துகிறது.

வளரறி மதிப்பீட்டுக்கென ஒதுக்கிய 40 மதிப்பெண்ணில் செயல்திட்டத்துக்குக் கிடைக்கும் பங்கு சிறியதுதான். ஆனால் ஒரு குழந்தை தன் சொந்தக் கேள்வியைக் கேட்டு, விடை தேடி, கிடைத்த விடையைச் சந்தேகித்து, மீண்டும் தேடும் வாய்ப்பு பாடத்திட்டம் முழுவதிலும் அந்தச் சிறு பங்குக்குள்தான் இருக்கிறது. அதை நாங்கள் கடையில் விற்கும் அட்டைக்கும் பெற்றோரின் இரவு உறக்கத்துக்கும் விட்டுக்கொடுத்துவிடுகிறோம்.

அடுத்த ஆண்டு அதே தலைப்பை எடுத்துக்கொண்டு, காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் தொடங்கி அரையாண்டுத் தேர்வு வரை நீட்டித்தோம். அறுபதுகளை மறுபடி தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் பத்து, பதினைந்து வயதிலிருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய நினைவு தெளிவாக இருக்கும் ஆண்டுகள் இனி அதிகமில்லை. சார்ட் கிடையாது, படம் ஒட்டக் கூடாது, நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும் என்றேன். நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் கோடிட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் "பார்த்தது" என்றும் மறு பாதிக்குக் "கேட்டது" என்றும் தலைப்பிடச் சொன்னேன். பேசும் பெரியவர் தம் கண்ணால் கண்டதைச் சொல்கிறாரா, தம் பெற்றோர் சொல்லக் கேட்டதைச் சொல்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் விசாரித்து உரிய பாதியில் எழுத வேண்டும். இந்த ஒற்றைக் கோடு செய்த வேலையைப் பிற்பாடு சொல்கிறேன்.

முதல் சிக்கல் இரண்டணாவில் வந்தது. 1966-ஆம் ஆண்டு வாக்கில் கடைத்தெருவில் "ரெண்டணாவுக்கு மடி நெறையப் பொட்டுக்கடலை" வாங்கியதாக ஒரு பாட்டி சொல்ல, பேரன் எழுதிக்கொண்டு வந்தான். வகுப்பில் இன்னொரு மாணவன் எழுந்து, தசம நாணய முறை 1957 ஏப்ரல் 1-ஆம் தேதியே வந்துவிட்டது, ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு அன்றே முடிந்தது, ஆகவே பாட்டி சொல்வது பொய் என்றான். அவன் சொன்ன ஆண்டு சரிதான். முதலில் நயா பைசா என்றும், 1964 ஜூன் முதல் வெறுமனே பைசா என்றும் காசுக்குப் பெயர் மாறியதையும் நான் சேர்த்துச் சொன்னேன். பேரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலை அனைவரும் தத்தம் வீட்டில், 25 பைசாவை என்னவென்று அழைத்தீர்கள் என்று கேட்டு வரட்டும் என்று முடித்தேன். மறுநாள் ஏறக்குறைய எல்லா வீட்டிலிருந்தும் வந்த விடை "நாலணா". 50 பைசாவுக்கு "எட்டணா". அந்த 25 பைசா நாணயமே 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போயிற்று. அதுவரை நாலணா என்ற சொல் செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது. பாட்டி 12 பைசாவைத்தான் ரெண்டணா என்றார். சட்டம் மாறும் தேதியும் மக்கள் வாயில் சொல் மாறும் தேதியும் ஒன்றாக இருப்பதில்லை என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டடைந்த நாள் அது. எந்தப் பாடநூல் பத்தியைக் கொண்டும் அதை நான் கற்பித்திருக்க முடியாது.

இரண்டாவது சம்பவம் இதற்கு நேர் எதிர். அங்கே ஆவணம் பிழைபட்டு, நினைவு சரியாக நின்றது. அருகிலுள்ள தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் இசைவுடன் அதன் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். சாதிப் பத்தியை ஒரு பட்டைத் தாளால் மறைத்து வைத்துவிட்டுத்தான் பக்கங்களைத் திறந்தேன். இதைச் செய்பவர்கள் அவசியம் அவ்வாறு செய்ய வேண்டும். மை பழுப்பேறி, ஓரங்கள் பொடிந்த அந்தப் பக்கத்தில், 1957 ஜூனில் சேர்ந்த தன் அப்பாயியின் பெயரை ஒரு மாணவி கண்டுபிடித்தாள். பிறந்த தேதி 1-6-1952 என்று இருந்தது. அவள் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது அப்பாயி சிரித்துவிட்டு, "நான் புயலடிச்சப்போ பொறந்த மூணாம் நாளு. எங்கம்மா என்னை மொறத்துல வச்சு, மேல இன்னொரு மொறத்தைக் கவுத்து, கோயில் மண்டபத்துக்குத் தூக்கிட்டு ஓடுனாங்களாம்" என்றிருக்கிறார். நாகப்பட்டினத்தருகே கரையைக் கடந்து தஞ்சை மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட புயல் வீசியது 1952 நவம்பர் 30-இல். அப்படியானால் ஜூன் ஒன்றாம் தேதி எப்படிப் பொருந்தும்?

மீண்டும் பதிவேட்டுக்குப் போனோம். இம்முறை அந்த மாணவி தன் அப்பாயியின் பெயரோடு நிற்காமல் பக்கம் முழுவதையும் மேலிருந்து கீழாகப் படித்தாள். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஜூன் ஒன்றிலோ அதற்கு முந்தைய சில வாரங்களிலோ பிறந்திருந்தார்கள். சேர்க்கைக்கு ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். பிறப்புச் சான்று யாரிடமும் இல்லை. பிள்ளை தன் வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொட்டுவிட்டால், வாத்தியார் ஐந்து வயது முடியும்படி ஒரு தேதியைத் தாமே எழுதிச் சேர்த்துக்கொள்வார். இது பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த செய்தி, பிள்ளைகளுக்கு மட்டும் புதிது. அந்த மாணவி தன் நோட்டில் எழுதிய வரி இது: "பதிவேட்டில் உள்ள தேதி அப்பாயி பிறந்த தேதி அல்ல, அப்பாயியைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக வாத்தியார் கொடுத்த தேதி." நான் இருபது ஆண்டுகளாக வரலாற்றுச் சான்றுகளின் வகைகள் என்ற பாடத்தை நடத்தி வருகிறேன், அந்த ஒரு வரிக்கு ஈடாக நான் எதையும் சொன்னதில்லை.

அதே பதிவேட்டில் நீங்கிய தேதிக்கான பத்தியைத் தொடர்ந்து படித்தபோது வேறொன்றும் தெரிந்தது. பெண் பிள்ளைகள் பலர் ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தார்கள். மதிய உணவுத் திட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. கேர் (CARE) என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பின் உதவியாக வந்த பால்மாவு 1961-க்குப் பிறகு இம்மாநிலப் பள்ளிகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. பால்மாவின் மணம் இன்னும் மூக்கிலேயே நிற்கிறது என்று சொன்ன பாட்டிகள், அடுத்த மூச்சில், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் பள்ளிக்கூடம் நின்றது என்றார்கள். சோறு பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தது என்று பாடநூலில் இருப்பதும் மெய், வந்த பெண்களில் பலரை வீட்டு வேலை திரும்ப இழுத்துக்கொண்டதும் மெய் என்று இரண்டையும் அடுத்தடுத்து எழுதிக்கொண்டார்கள்.

சிறியதாக இன்னொன்று. அறுபதுகளின் திருவாரூர் மாவட்டம் பற்றி எதுவுமே கிடைக்கவில்லை என்று ஒரு குழு கைவிரித்து நின்றது. அப்படி ஒரு மாவட்டம் 1997-இல்தான் பிறந்தது, நாகப்பட்டினம் மாவட்டம் 1991-இல். அதற்கு முன் இவை அனைத்தும் தஞ்சாவூர் மாவட்டம். மாநிலத்தின் பெயரே 1969 ஜனவரி 14-க்குப் பிறகுதான் தமிழ்நாடு. சரியான பெயரில் தேடத் தெரிந்ததும், 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாநிலத்தின் சில கிராமங்களை வீடு வீடாக ஆய்ந்து வெளியிட்ட கிராம ஆய்வு நூல்கள் வரை அவர்களால் போக முடிந்தது. வீட்டின் கூரை எதனால் வேயப்பட்டது, மக்கள் எதைச் சாப்பிட்டார்கள், என்னென்ன பாத்திரம் பண்டங்கள் வைத்திருந்தார்கள் என்றெல்லாம் அரசே கேட்டு எழுதியிருப்பதைக் கண்டு, "நம்ம கேட்ட அதே கேள்வி டீச்சர்" என்று வியந்தார்கள்.

"ரேடியோ நெல்லு" என்ற சொல்லை எனக்குக் கொண்டு வந்தவனும் ஒரு மாணவன்தான். அவனுடைய தாத்தா அப்படிச் சொன்னதாக எழுதியிருந்தான்; எனக்கே விளங்கவில்லை. விசாரித்தபோது கிடைத்த கதை இது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏ.டி.டி. 27, ஜப்பானிய ரகமான நோரின் 10-ஐயும் கோவையின் ஜி.இ.பி. 24-ஐயும் கலந்து பிறந்த குறுவை நெல். சுமார் 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். 1966-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருச்சி வானொலி நிலையம் உழவர்களுக்கான ஒலிபரப்பில் இந்த நெல்லைப் பற்றி விடாமல் சொல்லிவந்ததால் தஞ்சைச் சீமையில் அதற்கு ரேடியோ நெல் என்றே பேராகிவிட்டது. அந்தத் தாத்தா இன்னும் ஒன்று சேர்த்துச் சொன்னார்: ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டால் அந்த நெல் களத்திலேயே முளைவிட்டுவிடும், காயவைக்க இடமில்லாமல் வீட்டுக்குள் பரப்பி வைத்து அதன் மேல் நடந்து திரிந்தோம் என்று. பசுமைப் புரட்சி என்று நாங்கள் ஒரே மூச்சில் சொல்லிக் கடக்கும் இரண்டு சொற்களுக்குள் ஈர நெல்லின் வாடை இருக்கிறது என்பதை அந்தப் பையன் கண்டான்.

இனி, இம்மடலை எழுதியே ஆக வேண்டும் என்று என்னை உட்காரவைத்த செய்திக்கு வருகிறேன்.

ஒரு காலத்தில் நிறைய நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பையன் ஒருவன், வீட்டுப் பரணிலிருந்து, நெல் அளக்கும் பாத்திரமான மரக்கால்கள் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டுக்கும் வாயிலும் அடியிலும் இரும்புப் பூண். தூக்கிப் பார்த்த பிள்ளைகள் கனத்தைக் கண்டு சிரித்தார்கள். 12 மரக்கால் ஒரு கலம், 2 கலம் ஒரு மூட்டை என்று நான் கணக்குச் சொல்ல, ஒருத்தி சத்துணவுக் கூடத்திலிருந்து அரிசி வாங்கி வந்து இரண்டையும் நிரப்பிப் பார்க்கலாம் என்றாள். நிரப்பினோம். ஒன்றில் கொண்ட அரிசி மற்றதில் நிற்காமல் வழிந்து மேசையெல்லாம் சிதறியது. வழிந்ததை அள்ளி ஆழாக்கு என்ற சிறிய அளவையில் போட்டால் ஆழாக்கு நிறைந்து மிஞ்சியது. ஒரு மரக்காலின் பூணில் அரசு முத்திரை இருந்தது. சிறியதில் எதுவும் இல்லை.

வகுப்பு குழம்பியது. விடை வேறொரு மாணவியின் நோட்டில் "கேட்டது" என்ற பாதியில் ஏற்கெனவே இருந்தது. அவளுடைய தாத்தா தம் தகப்பனார் சொல்லக் கேட்டதாகச் சொல்லியிருந்தார்: குத்தகை நெல்லை வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி நெல்லைக் கொடுக்கும்போது ஒரு மரக்கால். முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பது, கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் போன்றோர் இவ்வட்டாரத்தில் கட்டிய விவசாயிகள் சங்கத்தின் தொடக்ககாலக் கோரிக்கைகளுள் ஒன்று. பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாட்டையடியும், குடிக்கவைத்த சாணிப்பாலும் (சாணம் கரைத்த நீர்) கேட்டதன் பாதியில்தான் வந்தன. கூலிச் சண்டை, சங்கக் கொடி ஏற்றக் கூடாது என்ற மிரட்டல், அறுவடைக்கு வெளியூர் ஆள் இறக்கியது ஆகியவை பார்த்ததன் பாதியில் வந்தன. முன்பு சொன்ன அந்த ஒற்றைக் கோடு இல்லாவிட்டால் இருபது ஆண்டு இடைவெளியில் நடந்தவை எல்லாம் ஒரே குவியலாகியிருக்கும். எது அறுபதுகளில் நடந்தது, எது அதற்கு முன்பே போராடி நிறுத்தப்பட்டது என்பது தெரியாமலே போயிருக்கும்.

மரக்காலைக் கொண்டு வந்த பையன் அன்று இடைவேளையில் என்னிடம் வந்து, இதை எடுத்துக்கொண்டு போய்விடட்டுமா என்று கேட்டான். உன் தாத்தாவிடம் கேட்டுவிட்டு நாளை முடிவு செய் என்றேன். மறுநாள் அவன் நோட்டில் இருந்தது: "தாத்தாவிடம் இரண்டு மரக்கால் ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அப்ப அப்படித்தான் அளந்தோம், தப்புதான் என்றார். பார்த்தது." கடைசிச் சொல்லைச் சரியான பாதியில் எழுதியிருந்தான். மரக்கால்கள் இரண்டும் மேசையிலேயே இருக்கட்டும் என்று அவனே சொன்னான்.

எங்கள் பள்ளிக்கு வெகு தொலைவில் இல்லாத கீழவெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டதற்காகவும் சங்கத்தை விட்டு விலக மறுத்ததற்காகவும் ஒடுக்கப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அரையாண்டு விடுமுறையில் செங்கொடி கட்டிய வண்டிகள் எங்கள் ஊர்ச் சாலை வழியாகத்தான் அங்கே போகின்றன. பிள்ளைகள் அந்த வண்டிகளைப் பார்த்துக் கையசைத்து வளர்ந்தவர்கள். எதற்காகப் போகின்றன என்று அறியாதவர்கள் அவர்களில் பலர். செய்தி வந்த காலையில் தன் தாய் அடுப்பே மூட்டவில்லை என்று ஒரு பாட்டி சொன்னதை ஒரு மாணவி எழுதியிருந்தாள். அதற்கு மேல் அந்தப் பாட்டி பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டத்தின் ஆண்டை, 1969 என்று, அதற்குக் கீழே குறித்திருந்தாள்.

நோட்டுகளையும் பொருள்களையும் பெற்றோர் பார்க்கும்படி ஒரு நாள் அடுக்கி வைத்தோம். பார்வையிட வந்த ஒரு பொறுப்பாளர் அம்மி, முறம், நயா பைசா, வானொலிப் பெட்டி ஆகியவற்றைப் பாராட்டினார். மரக்கால்களுக்கு எழுதியிருந்த குறிப்பைப் படித்ததும் முகம் மாறி, இது ஊர்ப் பிள்ளைகளுக்குள் மனக்கசப்பை உண்டாக்கும், எடுத்துவிடுங்கள், பழைய காலத்து விளையாட்டுகள் போன்ற நல்லவற்றை மட்டும் வையுங்கள் என்றார். அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. பள்ளிக்கு வம்பு வரக் கூடாது என்ற கவலையால் சொன்னார் என்றே நம்புகிறேன். ஆனால் கசப்பு உண்டாகும் என்று அவர் அஞ்சிய அந்த வகுப்பில், நிலம் வைத்திருந்தவரின் பேரனும் அந்த நிலத்தில் நட்டவரின் பேத்தியும் ஒரே மேசையில் நின்று, வழிந்த அரிசியை ஒன்றாக அள்ளியிருந்தார்கள். அவர்களால் தாங்க முடிந்ததைப் பெரியவர்களாகிய நாம் தாங்க மறுக்கலாமா?

ஆகவே என் முதன்மையான வேண்டுகோள் இதுவே: கடந்த காலம் பற்றிய செயல்திட்டத்துக்கு நீங்கள் எழுதித் தரும் வழிகாட்டியில், கூலி, பசி, தீண்டாமை, பெண்களின் படிப்பு நின்றது போன்றவையும் கேட்கத்தக்க கேள்விகளே என்று வெளிப்படையாக எழுதுங்கள். அந்த ஒரு வரி அச்சில் இருந்தால் என்னைப் போன்ற ஆசிரியர்கள் மேசையிலிருந்து எதையும் எடுக்க வேண்டியிராது. அம்மியும் பம்பரமும் மட்டுமே அறுபதுகள் என்று ஒரு குழந்தை எண்ணிக்கொண்டு போவதைவிட, அந்தச் செயல்திட்டத்தைச் செய்யாமலே இருப்பது மேல்.

அதோடு, கேட்கப்படுகிறவரின் மானத்தைக் காக்கும் முறைகளும் அதே வழிகாட்டியில் இருக்க வேண்டும். பேசுவதற்கு முன் எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி இசைவு பெறுவது, விரும்பாத கேள்வியை விட்டுவிடுவது, பெயரையும் தெருவையும் காட்சிக்கு வைக்காமல் இருப்பது, சாதிப் பத்தியை மறைப்பது, குரலைக் கைபேசியில் பதிந்தால் அதை வெளியே பகிராமல் இருப்பது ஆகியவற்றை நாங்கள் தட்டுத் தடுமாறித்தான் கண்டுகொண்டோம். ஒரு தடவை தவறியும் விட்டோம். ஒரு பாட்டியின் பேச்சை ஒரு மாணவன் உறவினர் குழுவில் அனுப்பிவிட, அவர் வீட்டுக்குப் போய் நான் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்கு அந்த நிலை வர வேண்டியதில்லை.

மதிப்பெண் முறை மாறாமல் இவை எதுவும் நடவாது. இப்போதைய நடைமுறையில் கண்ணுக்குத் தெரிவது அட்டையின் அழகுதான், ஆகவே மதிப்பெண்ணும் அதற்கே போகிறது. மாணவர் கேட்ட கேள்விகளுக்கும், முதலில் எழுதியதைப் பிற்பாடு திருத்தியதற்கும், இரண்டு சான்றுகள் முரண்படுவதைக் கண்டுபிடித்ததற்கும் மதிப்பெண் தர வழி செய்யுங்கள். ரெண்டணாவை எழுதி வந்த மாணவனின் நோட்டில் மூன்று அடித்தல்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் மதிப்பெண்ணுக்கு உரியவை. கால அளவும் ஒரு வாரம் போதாது. ஒரு பெரியவரிடம் முதல் நாள் போனால் "எனக்கென்ன தெரியும், படிச்சவங்ககிட்ட கேளு" என்பார். மூன்றாம் முறை போனால்தான் திண்ணையில் இடம் கொடுத்து உட்காரச் சொல்வார். ஒரு பருவமாவது வேண்டும்.

பாடநூலில் உள்ள செய்தியை ஊரில் பொருத்திப் பார்க்கவும் இடம் கொடுங்கள். 1967-இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி தரும் திட்டம் தொடங்கியது என்று படித்துவிட்டுப் போய்க் கேட்ட பிள்ளைகளிடம், எங்கள் ஊரில் அப்படி யாரும் தரவில்லையே என்று பெரியவர்கள் சொன்னார்கள். திட்டம் சென்னையிலும் கோவையிலும்தான் செயலுக்கு வந்தது என்பதை அதன் பிறகே தேடி அறிந்தார்கள். மாநிலத்தின் வரலாறும் ஊரின் வரலாறும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்ப்பதற்கு அதைவிட எளிய பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, இந்த நோட்டுகளைப் பற்றி. மதிப்பெண் பதிந்ததும் செயல்திட்டங்கள் பழைய தாள் கடைக்குப் போவதே வழக்கம். எங்கள் நோட்டுகளை நான் போகவிடவில்லை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருப்பதும் தமிழ் மின் நூலகம் இருப்பதும், யாரோ சிலர் குப்பைக்குப் போகவிருந்த தாள்களைப் போகவிடாமல் காத்ததால்தான். ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் ஒரே ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்கச் சொல்லி ஆணையிட்டால், ஐந்தாண்டில் ஒவ்வோர் ஊருக்கும் அவ்வூர்ப் பிள்ளைகள் எழுதிய வரலாறு சேர்ந்துவிடும். பணச் செலவு அலமாரிப் பூட்டுக்கு மட்டும்தான்.

ரேடியோ நெல்லைப் பற்றிச் சொன்ன தாத்தா, அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள் காலமாகிவிட்டார். அவர் சொன்னது அவருடைய பேரன் கையெழுத்தில் ஒன்பது பக்கம் இருக்கிறது. பத்தாவது பக்கத்தின் உச்சியில், அடுத்த முறை கேட்க வேண்டியவை என்று அவன் எழுதி வைத்திருந்த மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்த ஆண்டு எழுபதுகளைத் தொடங்கவிருக்கிறோம். உங்கள் குழுவிலிருந்து யாரேனும் வந்து நோட்டுகளைப் படித்துப் பார்ப்பதாக இருந்தால், பள்ளி நாள் எதுவாயினும் வரலாம். அலமாரியின் சாவி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர்